சுட்ட பிறகும் விலைபோகும் பித்தளை... அமெரிக்காவின் காலி தோட்டா பிசினஸ்!

அமெரிக்காவில் ஒரு ஷூட்டிங் ரேஞ்சுக்குள் போனால் முதலில் காதை அடைக்கும் சத்தம். அடுத்து கண்ணில் படுவது தரை. சுட்டுத் தள்ளிய தோட்டாக்களின் காலி உறைகள் மஞ்சள் மஞ்சளாக இறைந்து கிடக்கும். குப்பைதானேனு நாம மிதிச்சுக்கிட்டே போயிடுவோம். ஆனா, ஓரத்தில் ஒருத்தர் வாளியை வெச்சுக்கிட்டு, குனிஞ்சு குனிஞ்சு அதைப் பொறுக்கிட்டிருப்பார். அவருக்கு அது குப்பை இல்லை, சில்லறைக் காசு!

அந்த வாளி அங்கிருந்து எங்கே போகிறது? பாதி காயலான் கடைக்குப் போகும். மீதி, வீட்டிலேயே தோட்டா தயாரித்துக்கொள்ளும் பொழுதுபோக்குக்காரர்களுக்கு விற்பனையாகும். இவர்களை 'ரீலோடர்'கள் என்பார்கள். கொஞ்சம் விசித்திரமான சந்தைதான். விற்பவர் முகம் வாங்குபவருக்குத் தெரியாது. ஆனால், விற்பவர் சொல்லும் ஒரு வார்த்தையை நம்பித்தான் வாங்குபவர் தன் கையையும் கண்ணையும் பணயம் வைக்கிறார். அது என்ன வார்த்தை என்பதற்குப் பிறகு வருவோம். முதலில் தோட்டாவைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம்.

நாலு பாகம், ஒண்ணு மட்டும் மிச்சம்

ஒரு தோட்டாவில் நாலு பாகங்கள் உண்டு. நுனியில் இருக்கும் குண்டு, உள்ளே வெடிமருந்துத் தூள், அடியில் பொட்டுப் போல இருக்கும் பிரைமர், இது மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பித்தளை உறை. இந்த உறையை 'கேஸ்' என்பார்கள். ரீலோடர்கள் பேச்சில் இன்னும் சுருக்கமாக, வெறும் 'பித்தளை'! துப்பாக்கியின் ஊசி பிரைமரைக் குத்தும். பொறி கிளம்பி மருந்து எரியும். குண்டு பறந்துவிடும். மருந்து புகையாகிவிடும். பிரைமர் செத்துவிடும். கேஸ் மட்டும் சூடாகத் துள்ளி வெளியே விழும். நாலில் பொதுவாக விலை அதிகமான பாகமும் அதுதான். மறுபடி பயன்படுத்த முடிகிற ஒரே பாகமும் அதுதான்.

ஏன் பித்தளை? கேஸுக்கான உலோகம் 70 சதவிகிதம் செம்பு, 30 சதவிகிதம் துத்தநாகம் கலந்தது. மருந்து எரியும்போது உள்ளே எகிறும் அழுத்தம் சாதாரணமானதல்ல. 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை நிர்ணயித்திருக்கும் உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. நம்ம கார் டயரில் இருப்பது 30, 35 பவுண்டுதான். அதாவது ஆயிரம் மடங்கு! அந்த நொடியில் கேஸ் விரிந்து துப்பாக்கிக் குழாயின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்பக்கம் வராமல் அடைக்கும். அழுத்தம் இறங்கியதும் லேசாகச் சுருங்கி, ஒட்டாமல் கழன்று வரும். விரியணும், அடைக்கணும், சுருங்கணும். இந்த மூன்றையும் பித்தளை மாதிரி அழகாகச் செய்கிற உலோகம் குறைவு. இரும்பு, அலுமினியத்திலும் கேஸ் வருகிறது. ஆனால், பெரும்பாலான ரீலோடர்கள் அவற்றைச் சீண்ட மாட்டார்கள்.

விரிந்த கேஸை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டு வந்து, புது பிரைமர், அளந்த மருந்து, புது குண்டு வைத்தால் மறுபடி தோட்டா தயார். 1870-களில் அமெரிக்கச் சமவெளியில் காட்டெருமை வேட்டையாடியவர்களே முகாமில் உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறார்கள். கடை பக்கத்தில் இல்லை, வேறு வழியும் இல்லை. இன்றைக்குச் செய்பவர்களுக்குக் காரணங்கள் வேறு. சிலருக்குச் செலவு குறையணும். போட்டிகளில் சுடுபவர்களுக்குத் தங்கள் துப்பாக்கிக்கு ஏற்ற மாதிரி துல்லியமான தோட்டா வேணும். தாத்தா காலத்து ரைபிள் வைத்திருப்பவர்களுக்கு, அதற்கான தோட்டா கடையிலேயே கிடைக்காது. நிறைய பேருக்கு இது சும்மா ராத்திரி நேரத்து மெக்கானிக் வேலை, மனசு லேசாகும், அவ்வளவுதான்.

பித்தளை எங்கிருந்து வருது?

தானே சுட்டதை விற்பவர்கள் உண்டு. ஆனால், அது கொஞ்சம்தான். மொத்தமாகக் கிடைப்பது ரேஞ்சுகளிலிருந்து. இங்கே ஒரு நாசூக்கு இருக்கிறது. பக்கத்தில் சுட்டுக்கொண்டிருப்பவரின் கேஸை அவர் கிளம்புவதற்குள் பொறுக்கினால் முறைப்பார். அவரே ரீலோடராக இருக்கலாம். சில ரேஞ்சுகளில் 'தரையில் விழுந்தால் எங்களுக்குச் சொந்தம்' என்றே போர்டு வைத்திருப்பார்கள். அந்த ரேஞ்சுகளே கிலோக் கணக்கில் மொத்த வியாபாரிக்கு விற்கவும் செய்யும். கேட்காமல் வாளியை நிரப்பினால் அதற்குப் பேர் திருட்டுதான்.

இன்னொரு பெரிய ஊற்று, ராணுவம். பயிற்சியில் சுட்ட கேஸ்களை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை உபரிப் பொருளாக விற்கும். 2009 மார்ச்சில் திடீரென ஒரு குண்டைத் தூக்கிப்போட்டார்கள். இனி ராணுவ கேஸ்களை நசுக்கி, உருத்தெரியாமல் ஆக்கிய பிறகே விற்போம் என்று! நசுக்கிய கேஸுக்கு காயலான் கடை விலைதான் கிடைக்கும். அதை நம்பித் தொழில் செய்துவந்த சிறு தோட்டா நிறுவனங்கள் ஆடிப்போயின. துப்பாக்கி ஆர்வலர்கள் எம்.பி-க்களுக்குக் கடிதமாக எழுதிக் குவிக்க, மோன்டானா மாநிலத்தின் செனட்டர்கள் மேக்ஸ் பாக்கஸ், ஜான் டெஸ்டர் இருவரும் பாதுகாப்புத் துறையிடம் முறையிட்டார்கள். சில நாள்களிலேயே உத்தரவு வாபஸ். தரையில் கிடக்கும் காலி கேஸுக்காக செனட்டர்கள் களம் இறங்கினார்கள் என்றால், சந்தை எவ்வளவு பெரிசுனு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

அடியில் எழுதியிருக்கும் ஜாதகம்

பொறுக்கிய வாளியை அப்படியே விற்க முடியாது. பிரிக்கணும். முதலில் ஒரு காந்தம். பித்தளை முலாம் பூசிய இரும்பு கேஸ்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து அளவு வாரியாகத் துளை போட்ட சல்லடைத் தட்டுகள். மேல் தட்டில் பெரிய .45 நிற்கும், அடுத்ததில் .40, அதற்குக் கீழே 9 மி.மீ. ஆனால், 9 மி.மீ. கூட்டத்தில் அதைவிடக் குட்டையான .380 கலந்திருக்கும். அதைக் கண்ணால்தான் பிடிக்கணும். இங்கே அலட்சியமாக இருந்தால், வாங்கியவர் மெஷினில் அது சிக்கி அவர் சாயங்காலமே பாழாகும்.

மிக மிக முக்கியமான வேலை, சுடாத தோட்டாவைப் பொறுக்கி எடுப்பது. வெடிக்காமல் கீழே விழுந்த முழுத் தோட்டா ஒன்றிரண்டு ரேஞ்சு வாளிக்குள் கிடக்கும். காயலான் கடைக்காரர் இதைக் கண்டால் மொத்த மூட்டையையும் திருப்பி அனுப்பிவிடுவார். உருக்கும் உலையில் அது வெடித்தால் என்ன ஆகும்னு அவருக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு கேஸும் கை வழியாகப் போயே ஆகணும். குறுக்கு வழி கிடையாது.

கேஸைத் தலைகீழாகத் திருப்பினால், அடியில் எழுத்துகள் செதுக்கப்பட்டிருக்கும். யார் தயாரிப்பு, என்ன அளவு என்ற ஜாதகம் அதில் இருக்கும். 'எல்.சி.' என்றால் 1941-ல் தொடங்கிய மிசௌரி மாநிலத்து லேக் சிட்டி ராணுவத் தோட்டாத் தொழிற்சாலை. பக்கத்தில் இருக்கும் இரண்டு இலக்கம், தயாரித்த ஆண்டு. வட்டத்துக்குள் சிலுவை போட்டிருந்தால் நேட்டோ தரம். ஒரே கம்பெனி கேஸாகப் பிரித்து வைத்தால் விலை கூடும், ஏனென்றால் கம்பெனிக்குக் கம்பெனி கேஸின் கனமும் உள்ளளவும் மாறும். துல்லியம் தேடுபவர் கலப்படத்தை வாங்க மாட்டார்.

கேஸின் வாய் வழியாக உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் நடுவில் ஒரே துளை இருந்தால் 'பாக்ஸர்' வகை. ரீலோடருக்கு அதுதான் வேணும். பழைய பிரைமரை ஓர் ஊசியால் தள்ளி எடுத்துவிடலாம். சின்னதாக இரண்டு துளை இருந்தால் 'பெர்டான்' வகை. ஊசி அதில் மோதி உடையும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாக்ஸர் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி, பெர்டான் ஓர் அமெரிக்கர். ஆனால், அமெரிக்காவில் பரவியது பாக்ஸர் முறை, ஐரோப்பாவில் வேர்விட்டது பெர்டான் முறை!

.22 ரிம்ஃபயர் கேஸை ரீலோடு செய்ய முடியாது. அதில் தனி பிரைமரே இல்லை, விளிம்புக்குள்ளேயே வெடிபொருள் பூசியிருக்கும். ஆனால், அதையும் விட்டுவைக்கவில்லை ஆட்கள். 1943-ல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃப்ரெட் ஹன்டிங்டன் என்பவர், சுட்ட .22 கேஸையே வேறொரு குண்டின் மேலுறையாக அழுத்தி மாற்றும் அச்சு ஒன்றைச் செய்தார். 'ராக் சக்' என்ற அணில் இன வேட்டைக்கான குண்டு அது. 'ராக் சக் புல்லட் ஸ்வேஜ்' என்ற அந்த அச்சின் பெயரைச் சுருக்கியதுதான் இன்று உலகம் முழுக்க ரீலோடிங் கருவி விற்கும் ஆர்.சி.பி.எஸ். கம்பெனி.

'ஒரு தடவைதான் சுட்டது சார்!'

இப்போ அந்த வார்த்தைக்கு வருவோம். 'ஒன்ஸ் ஃபயர்டு'. ஒரே ஒரு தடவை சுட்ட கேஸ். பழைய பைக் விற்கும்போது 'சிங்கிள் ஓனர் சார்' என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அதுதான். விலையைத் தூக்குவதும் இந்த வார்த்தை, சண்டை வருவதும் இந்த வார்த்தையால்தான். பைக்குக்கு ஆர்.சி. புக் இருக்கிறது. கேஸுக்கு என்ன இருக்கு?

எத்தனை தடவை சுட்டது என்பது ஏன் முக்கியம்? ஒவ்வொரு தடவையும் பித்தளை விரிகிறது, அச்சில் அழுத்தும்போது சுருங்குகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அதேதான். .45 ஏ.சி.பி. மாதிரி குறைந்த அழுத்தத் தோட்டா கேஸ் பத்து தடவைக்கு மேலும் தாங்கும். ரைபிள் கதை வேறு. .223 தோட்டாவின் உச்ச வரம்பு 55,000 பவுண்டு. கேஸின் கழுத்து கெட்டிப்பட்டு விரிசல் விடும். அடிப்பாகத்துக்குச் சற்று மேலே சுவர் மெலிந்துகொண்டே வரும். வெளியே பளிச்சென ஒரு வளையம் தெரிந்தால், அது ஆபத்து மணி. அதைக் கவனிக்காமல் சுட்டால் கேஸ் இரண்டாகப் பிய்ந்து, கொதிக்கும் வாயு பின்பக்கமாகச் சீறும். துப்பாக்கிக்குப் பின்னால் இருப்பது சுடுபவரின் முகம். அனுபவசாலிகள் ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் வளைத்து, கேஸுக்குள் விட்டுச் சுவரைத் தடவிப் பார்ப்பார்கள். பள்ளத்தில் நுனி தட்டினால் கேஸ் நேராகக் குப்பைக்கு.

சரி, ஒரு தடவைதான் சுட்டது என்பதற்கு நிரூபணமே இல்லையா? பாதி நிரூபணம் இருக்கிறது, அதுவும் ராணுவ கேஸில். மெஷின் கன் ஆட்டத்தில் பிரைமர் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக, தொழிற்சாலையிலேயே பிரைமரைச் சுற்றிப் பித்தளையை நசுக்கி இறுக்கிவிடுவார்கள். இதற்கு 'கிரிம்ப்' என்று பெயர். பழைய பிரைமரை எடுத்து, இந்த நசுக்கலைச் சீவி எடுத்தால்தான் புது பிரைமர் ஒழுங்காக உட்காரும். ஆகவே, செத்த பிரைமர் அப்படியே, கிரிம்ப் கலையாமல் இருந்தால் அந்த கேஸ் இன்னும் ரீலோடு ஆகவில்லை என்று அடித்துச் சொல்லலாம்.

இங்கேதான் புது வியாபாரிகள் சறுக்குவார்கள். நல்லது செய்வதாக நினைத்து, பிரைமரை எல்லாம் எடுத்து, கிரிம்பைச் சீவி, பளபளவென மெருகேற்றி போட்டோ போடுவார்கள். வேலை மிச்சம் என்று வாங்குபவர்களும் உண்டு, தப்பில்லை. ஆனால், விவரமானவர் யோசிப்பார். 'கையில் இருந்த ஒரே சாட்சியையும் அழிச்சுட்டு, ஒரு தடவை சுட்டதுனு சொன்னா எப்படி நம்புறது?' என் கட்சியும் அதுதான். கொஞ்சம் அழுக்கோடு, பிரைமரோடு இருக்கும் ராணுவ கேஸுக்குப் பளபள கேஸைவிட நம்பகம் அதிகம்.

அந்த கேஸிலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கும். எதில் சுட்டது? மெஷின் கன்னின் உட்குழி கொஞ்சம் தாராளமாக இருக்கும். அதில் சுட்ட 7.62 கேஸ் ஒரே தடவையில் அதிகமாக நீண்டுவிடும். 'ஒரு தடவைதான் சுட்டது' என்பது நூறு சதவிகிதம் உண்மை, ஆனாலும் கேஸ் களைத்துப்போயிருக்கும். நேர்மையான வியாபாரி இதையும் சேர்த்தே சொல்வார். ரேஞ்சு தரையில் பொறுக்கியதை ரேஞ்சு பித்தளை என்றே எழுதுவார். யார் சுட்டது, எத்தனையாவது தடவை என்று அவருக்கே தெரியாதே! தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றவர்கிட்டதான் திரும்பத் திரும்ப வாங்குவாங்க.

குதிரை லாயமும் பாலிஷும்

கழுவுவதில் ஒரு விஷயம் கவனம். பித்தளை பாத்திரம் தேய்க்கும் சில பாலிஷ்களில் அமோனியா இருக்கும். கேஸுக்கு அது விஷம். இந்தப் பாடத்தை உலகம் கற்றுக்கொண்டதே இந்தியாவில்தான். பிரிட்டிஷ் ராணுவம் 19-ம் நூற்றாண்டில் இங்கே மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் பாதுகாப்பாக வைத்தது. மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் கேஸ்கள் தானாகவே விரிசல் விட்டிருந்தன. சுடவும் இல்லை, அடிபடவும் இல்லை! பருவத்துக்கு ஏற்ப வந்ததால் 'சீசன் கிராக்கிங்' என்று பெயர் வைத்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியாவும், தயாரிப்பின்போதே பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்துதான் இப்படி ஆனது என்று 1921-ல்தான் தெளிவாக விளங்கியது.

அதனால் ரீலோடர்கள் வேறு முறை வைத்திருக்கிறார்கள். அதிரும் தொட்டியில் மக்காச்சோளத் தக்கைத் தூள் அல்லது வால்நட் ஓட்டுத் தூளோடு கேஸ்களைப் போட்டுக் குலுக்குவது ஒன்று. சுழலும் டிரம்மில் தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, துளி சிட்ரிக் அமிலம், மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஊசிகள் போட்டு உருட்டுவது இன்னொன்று. இரண்டாவதில் புதுசு மாதிரி மின்னும். ஆனால், 9 மி.மீ. கேஸ் .40-க்குள் நுழைந்து சிக்கிக்கொள்ளும், ஆகவே முதலில் பிரித்துவிட்டுத்தான் கழுவணும்.

பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருப்பது வழக்கம். சுட்ட கேஸின் கரியிலும், காய்ந்த தொட்டியைத் திறந்தால் பறக்கும் தூசியிலும் ஈயம் இருக்கும். கிச்சன் சிங்க்கில் கழுவுவது, குழந்தைகள் விளையாடும் இடத்தில் சலிப்பது எல்லாம் கூடவே கூடாது. கையுறை, முகக்கவசம், காற்றோட்டமான இடம் மூன்றும் வேணும். வேலை முடிந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள்.

விலை, கொசுறு, பார்சல்

சாதாரண 9 மி.மீ. கேஸ் ஒன்றுக்குச் சில சென்ட்தான். ஒரு கிலோவில் சுமார் 250 கேஸ் நிற்கும். உடம்பு வலிக்கப் பிரித்து, கழுவி விற்பதைப் பார்த்தால் கூலி கட்டாது என்று தோன்றும். ஊர் முழுக்கக் கிடைக்கும் அளவு என்பதால் விலை ஏறாது. எளிதில் கிடைக்காத ரைபிள் அளவுகளில்தான் காசு. .223 கேஸுக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. அதைக் குட்டையாக வெட்டி .300 பிளாக்அவுட் கேஸாக மாற்றுவார்கள், அதற்கும் ஆள் இருக்கிறது.

வழக்கமாக ஆயிரம் ஆயிரமாக விற்பார்கள். எண்ணுவதில்லை, நிறுத்துப் போடுவார்கள். நல்ல வியாபாரி ஒரு கைப்பிடி கூடுதலாகப் போடுவார். நசுங்கியது, விரிசல் விட்டது கலந்திருந்தாலும் கணக்கு குறையக் கூடாதே! நம்ம ஊர் கொசுறுதான். பார்சலுக்கு அமெரிக்கத் தபால் துறையின் ஒரே கட்டணப் பெட்டிதான் பலரின் விருப்பம். 70 பவுண்டு வரை, அதாவது கிட்டத்தட்ட 32 கிலோ வரை, எடை எவ்வளவு இருந்தாலும் கட்டணம் மாறாது. பித்தளைக்கென்றே செய்தது போல! ஆனால், அட்டைப்பெட்டி கிழியும், உள்ளே கெட்டிப் பை போட்டு எல்லா ஓரத்திலும் டேப் ஒட்டணும். புது பிரைமர் பொருத்திய கேஸை மட்டும் தபாலில் அனுப்பவே கூடாது. அது வெடிபொருள் கணக்கில் வரும்.

எங்கே விற்பது? ஈபே கிடையாது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு, 2007-ல் தோட்டா பாகங்களுக்கு ஈபே தடை போட்டது. கேஸும் அந்தப் பட்டியலில் உண்டு. கன்புரோக்கர் மாதிரியான துப்பாக்கிப் பொருள் ஏலத் தளங்கள், உள்ளூர் கன் ஷோக்கள், கிளப் உறுப்பினர்கள், அவ்வளவுதான் வழி.

அமெரிக்காவில் இருக்கும் நம்மாளுங்க கவனிக்க!

அமெரிக்க மத்தியச் சட்டத்தில் 'தோட்டா' என்ற சொல்லுக்கான வரையறையிலேயே கேஸ், பிரைமர், குண்டு, மருந்து நாலும் தனித்தனியாக அடங்கும். கேஸ் விற்க மத்திய லைசென்ஸ் தேவையில்லை. சொந்த உபயோகத்துக்கு ரீலோடு செய்யவும் தேவையில்லை. ரீலோடு செய்த தோட்டாவைத் தொழிலாக விற்றால் தயாரிப்பாளர் லைசென்ஸ் கட்டாயம். மாநிலச் சட்டங்கள் தனி. மாசசூசெட்ஸ் சட்ட வரையறையிலும் வெறும் கேஸ் தோட்டாவாகவே எண்ணப்படுகிறது.

இதில் நம்மவர்களுக்கு ஒரு பொறி இருக்கு. ஹெச்-1பி, எஃப்-1 மாதிரி குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்தியச் சட்டம் தடை சொல்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. வரையறையை எழுத்துக்கு எழுத்து படித்தால் காலி கேஸும் அதில் வரும். வீக் எண்டில் நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போய், நாலு காசு பார்க்கலாமேனு வாளியோட வீட்டுக்கு வந்தா, விளையாட்டு விசாவுல போய் முடியலாம். எந்த விசாவாக இருந்தாலும், தொடங்கும் முன் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுவிடுங்கள்.

ஊருக்குக் கொண்டுவரும் ஆசையும் வேண்டாம். இந்தியாவின் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம், தோட்டாவின் பாகங்களையும் தோட்டா என்றே வரையறுக்கிறது. கீ செயினில் கோத்த ஒற்றை கேஸ்கூட ஏர்போர்ட் ஸ்கேனரில் தோட்டா மாதிரியேதான் தெரியும். அதற்கப்புறம் விளக்கம் சொல்லி, போலீஸ், கோர்ட் என்று அலைவது உங்கள் பாடு. ரேஞ்சில் ஒரு செல்ஃபி எடுத்துக்கோங்க. கேஸை அங்கே இருக்கும் வாளியிலேயே போட்டுட்டு வாங்க.